சேத்துல ஓடின காத்து: குதிரை டாக்டர் டன்லப்பின் கதை

தை பொறந்தாலும் நம்ம பக்கம் சேறு சீக்கிரம் காயாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரம், மணலி போற வழி, பழவேற்காடு பக்கம் உப்பங்கழியை ஒட்டின மண் பாதை, எங்க பார்த்தாலும் கன்டெய்னர் லாரி உழுதுபோட்ட பள்ளம்தான். ஞாயித்துக்கிழமை காலையில கியர் சைக்கிள் எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போறவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். சேறு வந்துட்டா டயர்ல இருந்து கொஞ்சம் காத்தை இறக்கிவிடணும். கல்லு மாதிரி காத்து அடிச்ச டயர் சேத்துல புதைஞ்சு நின்னுடும். கொஞ்சம் தளர்வா இருக்குற டயர் தட்டையாப் படிஞ்சு மேலேயே போயிடும்.

இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் இது ஒரு பெரிய விளையாட்டு. குளிர்காலம் முடியப்போற பிப்ரவரியில காட்டுப்பாதை முழுக்கச் சேறா இருக்கும்போதுதான் மவுண்டன் பைக்கை எடுத்துக்கிட்டு உள்ளே போவாங்க. சேறு ஒட்டாம உதிரணும்னு இடைவெளி விட்ட பெரிய பெரிய பல்லு வச்ச டயர், அதுல 20, 25 பிஎஸ்ஐ காத்து. அதே அயர்லாந்துல, அதே பிப்ரவரி மாசக் கடைசியில, 1888-ல் ஒரு சின்னப் பையனோட மூணு சக்கர சைக்கிள்ல காத்தடிச்ச டயர் முதல்முறையா ஓடிப் பார்த்தது. அந்தப் பையனோட அப்பா பேரு ஜான் பாய்ட் டன்லப்.

பேரு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அம்பத்தூர்ல டன்லப்னு ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கு. ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் குதிரைக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்த ஒரு மனுஷன்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், பேட்டன்ட், ஸ்டார்ட்அப்னு அலைஞ்சிட்டிருக்குற நம்ம பேட்ச் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை அது.

பண்ணை வீட்டுப் பையன்

1840 பிப்ரவரி 5-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில, ட்ரெகார்ன்னு ஒரு ஊர்ல, விவசாயக் குடும்பத்துல பிறந்தார் டன்லப். குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னு வீட்டுல சொல்லி வளர்த்தாங்க. அதனாலயோ என்னவோ, தன் உடம்பு பலவீனமானதுன்னு வாழ்நாள் முழுக்க நம்பி, ரொம்ப ஜாக்கிரதையாவே வாழ்ந்தார். கடைசியில 81 வயசு வரைக்கும் இருந்தார்ங்கறது வேற விஷயம்.

எடின்பரோவுல கால்நடை மருத்துவம் படிச்சு முடிச்சப்போ அவருக்கு வயசு 19. அந்தக் காலத்துல கால்நடை டாக்டர்னா முக்கியமா குதிரை டாக்டர். ஊர் முழுக்க வண்டி இழுக்குறது குதிரைதான். இப்போ மெக்கானிக் ஷெட்டுக்கு எவ்வளவு கிராக்கியோ அவ்வளவு கிராக்கி அவங்களுக்கு. 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். அப்புறம் பெல்ஃபாஸ்ட் நகரத்துல வைத்தியசாலை வச்சார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஒரு பொண்ணு, ஒரு பையன். 1880-களில் அயர்லாந்துலயே பெரிய கால்நடை வைத்தியசாலைகள்ல ஒண்ணு அவரோடது. லாடம் அடிக்கத் தனியா ஆட்கள் வச்சிருந்தார். அமைதியான மனுஷர், நீளமான தாடி, நல்ல வருமானம்.

அதாவது 47 வயசு வரைக்கும் சக்கரத்தைப் பத்தி யோசிக்க அவருக்கு எந்தத் தேவையும் இல்ல. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். வண்டியோட அதிர்ச்சி எல்லாம் கடைசியில குதிரையோட கால்லயும் தோள்லயும்தான் போய் இறங்கும். பெல்ஃபாஸ்ட் தெருவுல கருங்கல் பாவியிருக்கும், நடுவுல டிராம் தண்டவாளம். அதுல இரும்புப் பட்டா போட்ட சக்கரம் உருண்டா என்ன ஆகும்னு தினமும் பார்த்தவர் அவர்.

உருட்டிப் பார்த்த சக்கரம்

1887. மகன் ஜானிக்குப் பத்து வயசு இருக்கும். மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு வச்சிருந்தான். சைக்கிள்னா அப்போ கெட்டி ரப்பர் டயர்தான், உள்ளே காத்து கிடையாது. கல்லுத் தெருவுல அதை மிதிச்சா உடம்பெல்லாம் ஆடும். பையன் இன்னும் சுலபமா, வேகமா ஓட்டணும்னு அப்பா ஆசைப்பட்டார். ராயபுரம், காசிமேடு பக்கம் மீன்பாடி வண்டி ஓட்டுறவங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த வண்டியில இருந்து டியூபை எடுத்துட்டு வெறும் ரப்பர் கட்டையைச் சுத்தி விட்டா எப்படி இருக்கும்? ஜானியோட வண்டி அப்படித்தான் இருந்தது.

டன்லப் என்ன பண்ணினார்னா, மெல்லிசான ரப்பர் ஷீட்டை ஒட்டி ஒரு குழாய் செஞ்சார். ஒரு வட்டமான மரப் பலகையைச் சுத்தி அதை வச்சார். மேல துணியைச் சுத்தி, பலகையோட ஆணி அடிச்சு இறுக்கினார். கால்பந்துக்குக் காத்து அடிக்கிற பம்பால காத்து அடிச்சார். அவ்வளவுதான் முதல் ப்ரோட்டோடைப்.

அப்புறம் அவர் பண்ணின டெஸ்ட்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜானியோட சைக்கிள்ல இருந்து கெட்டி டயர் போட்ட சக்கரத்தைக் கழட்டினார். வீட்டு முற்றத்துல அதை ஒரு தள்ளு தள்ளி உருட்டினார். முற்றத்தோட மறுகோடி வரைக்கும்கூடப் போகாம அது சாஞ்சு விழுந்தது. அடுத்தது காத்தடிச்ச பலகை. அதே மாதிரி ஒரு தள்ளு. அது முற்றம் முழுக்க ஓடி, கடைசியில இருந்த கதவுல மோதித் திரும்பி வந்தது. மோட்டார் இல்ல, மீட்டர் இல்ல, சென்சார் இல்ல. ரெண்டு சக்கரம், ஒரே தரை, ஒரே கை. கண்ட்ரோல் வச்சு ஒரு எக்ஸ்பெரிமென்ட் எப்படிப் பண்ணணும்னு நமக்கு முதல் வருஷ லேப்ல சொல்லித் தர்றது இதைத்தான்.

ஏன் அப்படி ஓடுச்சு? கெட்டிச் சக்கரம் ஒரு கல்லுல ஏறினா, சக்கரம், வண்டி, ஆள்னு மொத்த எடையும் அந்தக் கல்லு உயரத்துக்கு மேல தூக்கப்படணும். முன்னால போக வேண்டிய சக்தி மேல தூக்குறதுலயே போயிடும். காத்தடிச்ச டயர்ல கல்லு பட்ட இடம் மட்டும் உள்ளே அமுங்கும், தாண்டினதும் பழையபடி வந்துடும். வண்டி கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல போகும்.

சேத்துல இன்னொரு விஷயமும் சேரும். டயர் தரையைத் தொடுற பரப்பு எவ்வளவுங்கறதைத் தோராயமா ஒரு சின்னக் கணக்குல சொல்லிடலாம். மேல இருக்குற எடையை உள்ளே இருக்குற காத்தழுத்தத்தால வகுத்தா போதும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ, டயர்ல 30 பிஎஸ்ஐ காத்துன்னு வச்சுக்கோங்க. 30 பிஎஸ்ஐங்கறது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. அப்போ ரெண்டு டயரும் சேர்ந்து சுமார் 38 சதுர சென்டிமீட்டர் தரையில படியும். காத்தை 60 ஆக்கினா பரப்பு பாதியாயிடும், மண்ணு மேல விழுற அழுத்தம் ரெண்டு மடங்காயிடும். சக்கரம் புதையுறதும் புதையாததும் அந்த அழுத்தத்தைப் பொறுத்துத்தான். கெட்டி டயர்ல பரப்பு இன்னும் ரொம்பக் கம்மி. அது தானே ஒரு பள்ளம் தோண்டிக்கிட்டு, அந்தப் பள்ளத்துல இருந்து தானே ஏறிக்கிட்டு இருக்கும். எண்ணூர் பக்கம் சேத்துல காத்தை இறக்கிவிடுறவங்க பண்றது இந்தக் கணக்கைத்தான்.

1888 பிப்ரவரிக் கடைசி. நம்ம கணக்குல மாசி மாசம். அந்த ஊர்ல இன்னும் குளிர் போகாத நேரம். மூணு சக்கர வண்டியோட பின் சக்கரம் ரெண்டுக்கும் காத்து டயர் மாட்டியாச்சு. ராத்திரி நேரத்துல ஜானி அதை ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குப் போனான். தெருவுல ஒரு ரவுண்டு அடிச்சதுலயே விஷயம் புரிஞ்சு போச்சு. அதே வருஷம் ஜூலை 23-ல் டன்லப் பேட்டன்டுக்கு விண்ணப்பிச்சார். டிசம்பர் 7-ல் பேட்டன்ட் கிடைச்சது. எண் 10607.

சிரிச்சவங்க வாயை மூடின நாள்

பேட்டன்ட் கிடைச்சா மட்டும் போதுமா? சைக்கிள்காரங்க நம்பல. அவங்க பழகினது விரல் தடிமன் கெட்டி டயர். இது என்னடான்னா கொழுக்கட்டை மாதிரி உப்பி இருக்கு. பார்த்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.

1889 மே 18. பெல்ஃபாஸ்ட் க்வீன்ஸ் காலேஜ் விளையாட்டு விழா. ஆமா, ஒரு காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே. வில்லி ஹ்யூம்னு ஒரு ரேஸ்காரர் டன்லப்போட டயர் மாட்டின சைக்கிள்ல வந்தார். அன்னிக்கு நடந்த சைக்கிள் ரேஸ் நாலு. நாலையும் அவரே ஜெயிச்சார். புல்லுத் தரையில கெட்டி டயர்காரங்க உயிரைக் கொடுத்து மிதிச்சும் அவரைப் பிடிக்க முடியல. கொஞ்ச நாள்ல லிவர்பூல் போய் அங்கேயும் ஜெயிச்சுட்டு வந்தார்.

அப்போ சைக்கிள் உலகமே ஒரு மாற்றத்துல இருந்தது. முன்னால ஆளுயரச் சக்கரம், பின்னால குட்டிச் சக்கரம்னு பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்களே, அதுதான் அதுவரைக்கும் வேகமான சைக்கிள். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின்னு இப்போ நாம ஓட்டுற மாதிரி ஒரு சைக்கிளைக் கொண்டு வந்திருந்தார். ஆனா சக்கரம் சின்னதானா குழி மேடு எல்லாம் அதிகமாத் தெரியும். பெரிய சக்கரம்தான் அந்தக் காலத்து சஸ்பென்ஷன். காத்து டயர் வந்ததும் அந்தத் தேவை போச்சு. நாலஞ்சு வருஷத்துக்குள்ள ஆளுயரச் சக்கரம் காணாமப் போச்சு.

ஹ்யூம்கிட்ட தோத்தவங்கள்ல ஹார்வி டூ க்ராஸ்ங்கற டப்ளின் பேப்பர் வியாபாரியோட பிள்ளைகளும் இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. டூ க்ராஸ் அயர்லாந்து சைக்கிள் சங்கத்துக்குத் தலைவர். தோல்வியைப் பார்த்துக் கோபப்படாம, ஜெயிச்ச டயரைப் போய்ப் பார்த்தார். இதுல பணம் இருக்குன்னு அவருக்குப் புரிஞ்சது. 1889-லயே டப்ளின்ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சாச்சு. டன்லப் தன் பேட்டன்டை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்துட்டு, பதிலுக்குப் பங்குகள் வாங்கிக்கிட்டார். தலைவர் நாற்காலியில உட்கார்ந்தது டூ க்ராஸ்.

40 வருஷம் முன்னாடியே

கம்பெனி நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல இடி விழுந்தது. டன்லப்போட பேட்டன்ட் செல்லாதுன்னு தெரிய வந்தது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன்.

தாம்சனும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1845 டிசம்பர்ல, 23 வயசுல, காத்தடிச்ச சக்கரத்துக்குப் பேட்டன்ட் வாங்கிட்டார். நம்மைவிட ரெண்டு வயசு பெரியவர், அவ்வளவுதான். ரப்பர் ஊறின கித்தான் குழாய், அதுக்கு மேல தோல் உறை. 1847-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்ல குதிரை வண்டியில மாட்டி ஓட்டியே காட்டினார். சத்தம் இல்ல, இழுக்க லேசா இருந்தது. ஒரு செட் டயர் 1,200 மைல் ஓடுச்சு. ஆனா அப்போ சைக்கிளே கிடையாது. மெல்லிசான நல்ல ரப்பருக்கு விலையும் அதிகம். குதிரை வண்டிக்காரனுக்கு அவ்வளவு செலவு பண்ணத் தோணல. தாம்சன் அதை விட்டுட்டு வேற வேலைக்குப் போயிட்டார். 1873-ல் இறந்தும் போயிட்டார்.

டன்லப் தாம்சனைப் பார்த்துச் செய்யல. தன் முற்றத்துல தானாக் கண்டுபிடிச்சதுதான். ஆனா பேட்டன்ட் சட்டத்துக்கு அது முக்கியமில்ல. ஏற்கெனவே ஒருத்தர் எழுதிப் பதிவு பண்ணியிருந்தா, அடுத்தவர் சொந்தமா யோசிச்சிருந்தாலும் புதுசு கிடையாது. ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ப்ரையர் ஆர்ட் தேடிட்டு வாங்கன்னு நம்ம கைடு ஏன் விரட்டுறாங்கன்னு இப்போ புரியுதா?

கம்பெனி எப்படித் தப்பிச்சது? காத்துங்கற ஐடியா யாருக்கும் சொந்தமில்லன்னு ஆனதும், அதைச் சுத்தி இருக்குற சின்னச் சின்ன விஷயங்களை டூ க்ராஸ் வாங்கிப் போட ஆரம்பிச்சார். ஏன்னா டன்லப்போட முதல் டயர்ல நிறையத் தொல்லை இருந்தது. டயரை ரிம்மோட ஒட்டியே வச்சிருப்பாங்க. பஞ்சர் ஆனா மொத்தத்தையும் பிரிச்செடுத்து, ஒட்டி, காய வச்சு, மறுபடியும் மாட்டணும். நம்ம தெரு பஞ்சர் கடையில பத்து நிமிஷத்துல முடியற வேலைக்கு அங்கே மணிக்கணக்காகும். ஈர ரோட்டுல அந்த வழவழப்பான டயர் வழுக்கியும் விடும். 1890-ல் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச்ங்கறவர் டயர் ஓரத்துல கம்பி வச்சு, ரிம்ல இருந்து கழட்டி மாட்டுற முறையைக் கொண்டு வந்தார். வில்லியம் பார்ட்லெட் வேற ஒரு முறை கண்டுபிடிச்சார். ரெண்டு பேட்டன்டையும் கம்பெனி வாங்கிடுச்சு. பிரான்ஸ்ல மிஷலின் சகோதரர்கள் 1891-ல் தங்களோட கழட்டி மாட்டுற டயரோட போட்டிக்கு வந்தாங்க.

வால்வ் கதை இன்னும் சுவாரஸ்யம். நம்ம ஊர் சாதா சைக்கிள்ல காத்து அடிக்கிற இடத்துல ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டுவாங்களே, வால்வ் ட்யூப், அது இருக்குற வால்வுக்கு டன்லப் வால்வுன்னும் ஒரு பேரு உண்டு. அதைக் கண்டுபிடிச்சது டன்லப் கிடையாது. வுட்ஸ்னு வேற ஒருத்தர். காத்தடிச்ச சக்கரத்தை முதல்ல கண்டுபிடிச்சது தாம்சன். டயரைக் கழட்டி மாட்டக் கூடியதா ஆக்கினது வெல்ச்சும் பார்ட்லெட்டும். கடைசியில எல்லாத்து மேலேயும் ஒட்டினது டன்லப் பேரு.

பேரு இருக்கு, ஆள் இல்ல

பேரு அவரோடதுன்னா பணமும் அவருக்கு வந்திருக்கும்னு நினைப்போம். வரல. கம்பெனி நடத்துற முறையில டன்லப்புக்கும் மத்தவங்களுக்கும் ஒத்துப் போகல. 1895 வாக்கில் வெளியே வந்துட்டார். அடுத்த வருஷமே, 1896-ல், டெரா ஹூலிங்கற நிதி வியாபாரி அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, பொதுமக்களுக்கு 50 லட்சம் பவுனுக்குப் பங்கு வித்தார். சைக்கிள் மோகம் உச்சத்துல இருந்த வருஷம் அது. அந்த லாபத்துல டன்லப்புக்குச் சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல.

அவர் ஏழையாப் போயிடல, அதையும் சொல்லணும். டப்ளின்ல நல்ல வீட்டுல வாழ்ந்தார். ஒரு துணி வியாபாரக் கம்பெனியில பங்கு வச்சு அதைக் கவனிச்சுக்கிட்டார். ஆனா அவர் பேரை வச்ச கம்பெனி கார் டயர், லாரி டயர்னு உலகம் முழுக்க வளர்ந்துக்கிட்டிருந்தப்போ, அவர் டப்ளின்ல துணிக்கணக்கு பார்த்துக்கிட்டிருந்தார்.

இதுல ஒரு கூத்தும் நடந்தது. தாடி வச்ச அவர் முகத்தைக் கம்பெனி விளம்பரத்துல போட்டது. அதுவரைக்கும் அவருக்குச் சம்மதம்தான். அப்புறம் அந்த முகத்தை ஒரு மைனர் மாதிரி உடம்புல ஒட்டினாங்க. உசந்த வெள்ளைத் தொப்பி, வெள்ளை வெயிஸ்ட் கோட்டு, கையில குச்சின்னு ஆடம்பரமா ஒரு உருவம். வாழ்நாள் முழுக்க எளிமையா, அடக்கமா இருந்த மனுஷருக்கு இது பொறுக்கல. தன் பேரை வச்ச கம்பெனி மேலேயே தன் முகத்துக்காக வழக்குப் போட்டார். வழக்கு லண்டன்ல பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. இப்பவும் சட்டப் புத்தகங்கள்ல டன்லப் எதிர் டன்லப் ரப்பர் கம்பெனின்னு அந்தப் பேரைப் பார்க்கலாம். அப்போ அவருக்கு 80 வயசு.

1921 அக்டோபர் 23-ல் டப்ளின்ல இறந்தார். காத்து டயரோட வரலாறைத் தன் பக்கத்துல இருந்து எழுதி வச்சிருந்தார். அவர் போனதுக்கப்புறம் மகள் அதைப் புத்தகமாக் கொண்டு வந்தார்.

ரப்பர் எங்கே இருந்து வந்தது?

ஆங்கிலத்துல படிச்சா டன்லப் கதை பெரும்பாலும் இங்கே முடிஞ்சுடும். தமிழ்ல எழுதும்போது இங்கே முடிக்க முடியாது.

காத்து டயருக்கு ரப்பர் வேணும். சைக்கிளும் அப்புறம் காரும் பெருகப் பெருக உலகம் பூராவும் ரப்பருக்குப் பேய் பசி. முதல்ல அது காட்டு மரத்துல இருந்து வந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் கையில இருந்த காங்கோவுல ரப்பர் பாலுக்காக நடந்த கொடுமை உலகத்தையே உலுக்கினது. அமேசான் காட்டுலயும் அதே கதை. இன்னொரு பக்கம், 1876-ல் ஹென்றி விக்காம்ங்கற ஆங்கிலேயர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதையை லண்டன் க்யூ தோட்டத்துக்குக் கொண்டு போயிருந்தார். அதுல முளைச்ச கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போச்சு. அங்கே இருந்து மலாயா முழுக்கப் பரவுச்சு.

மரத்தை நட்டாச்சு, பால் வெட்ட யாரு? தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடுன்னு நம்ம ஜில்லாக்கள்ல இருந்து கங்காணிகள் மூலமா ஆள் சேர்த்தாங்க. மெட்ராஸ், நாகப்பட்டினம் துறைமுகத்துல இருந்து கப்பல் ஏறி பினாங்கு போனவங்க லட்சக்கணக்கானவங்க. இப்போ நாம ராயபுரத்துல இருந்து பார்க்குற அதே துறைமுகம். விடியறதுக்கு முன்னாடி, வெயில் ஏறினா பால் ஓடாதுன்னு, இருட்டுலயே காட்டுக்குள்ள போய் மரத்துல கோடு கீறி, மங்கு வச்சு, பால் எடுப்பாங்க. வயித்துப் பாட்டுக்காக அந்தச் சேத்துக் காட்டுல தினமும் நடந்தவங்க அவங்க. காய்ச்சல்லயே நிறைய பேர் போய்ச் சேர்ந்தாங்க.

1910-ல் இருந்து டன்லப் கம்பெனியே மலாயாவுல தோட்டங்களை வாங்கிப் பெரிய முதலாளி ஆச்சு. இதுல ஜான் பாய்ட் டன்லப்புக்குக் கையும் இல்ல, லாபமும் இல்ல. அவர் அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே வெளியே வந்துட்டார். மகனோட சைக்கிள் குலுங்காம ஓடணும்னு ஒரு அப்பா ஆசைப்பட்டார். அதுல இருந்து முப்பது வருஷத்துக்குள்ள, இன்னொரு கண்டத்துல, அவர் முகம்கூடப் பார்த்திராத ஒரு அப்பா தன் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினார். ஒரு டிசைன் உலகத்துக்குப் போனா அதுக்கு மூலப்பொருள் யார் கையில இருந்து வரும்ங்கற கேள்வி டிராயிங் ஷீட்ல எங்கேயும் இருக்காது. நாமதான் கேட்டுக்கணும்.

நம்ம ஊருக்கு வந்த டயர்

டன்லப் கம்பெனி 1936-ல் வங்காளத்துல, ஹூக்ளி பக்கம் சாஹாகஞ்ச்ல, டயர் ஃபேக்டரி போட்டது. பிற்பாடு அம்பத்தூர்லயும் ஒண்ணு வந்தது. அதே அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் சைக்கிள் செஞ்சது. இந்தப் பக்கம், 1946-ல் திருவொற்றியூர்ல ஒரு சின்னக் கொட்டகையில கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுவும் ரப்பர், அதுவும் காத்துதான். அங்கே இருந்து ரீட்ரெடிங் ரப்பர், 1961-ல் முதல் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமா எம்ஆர்எஃப். ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வீடு திரும்பின ஒரு தலைமுறையே திருவொற்றியூர்ல இருக்கு. அம்பத்தூர் டன்லப் பூட்டிக் கிடந்து பல வருஷம் ஆச்சு. உலகத்துல அந்தப் பேரு இன்னும் டயர்லயும் டென்னிஸ் பந்துலயும் வித்துக்கிட்டுத்தான் இருக்கு. பல வருஷம் வெவ்வேறு கண்டத்துல வெவ்வேறு கம்பெனிக்கு அந்தப் பேரைப் பிரிச்சுக் கொடுத்திருந்தாங்க.

காட்டுக்குள்ள சைக்கிள் போன கதையிலயும் டயர்தான் முன்னால நிக்குது. 1970-களில் கலிஃபோர்னியாவுல சில இளைஞர்கள் மலைச் சரிவுல சைக்கிள் விட ஆசைப்பட்டப்போ, புது ரேஸ் சைக்கிளை எடுக்கல. 1930, 40-களில் செஞ்ச பழைய கனமான சைக்கிள்களைக் காயலான் கடையில தேடிப் பிடிச்சாங்க. காரணம் அதுல இருந்த தடியான, பலூன் மாதிரி டயர். அங்கே இருந்துதான் மவுண்டன் பைக் பொறந்தது. 1889-ல் பெல்ஃபாஸ்ட்ல பார்த்துச் சிரிச்சாங்களே, அதே மாதிரி கொழுக்கட்டை டயர்தான்.

டன்லப் செஞ்ச ஆரம்ப கால டயர் ஒண்ணு எடின்பரோவுல இருக்குற ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. அவ்வளவு தூரம் போக முடியாதவங்க பக்கத்துல இருக்குற பஞ்சர் கடைக்குப் போகலாம். வால்வைக் கழட்டி அந்தக் குட்டி ரப்பர் குழாயை ஒரு தடவை கையில வச்சுப் பாருங்க. தாம்சன், வெல்ச், பார்ட்லெட், வுட்ஸ், இருட்டுல பால் வெட்டின பேர் தெரியாத நம்ம ஆளுங்க, எல்லாரும் அந்த சைக்கிள் சக்கரத்துல இருக்காங்க. அவங்களோட பெல்ஃபாஸ்ட்ல குதிரைக்கு வைத்தியம் பார்த்த அந்த டாக்டரும் இருக்கார். அப்புறம் காத்தடிச்சுட்டுக் கிளம்புங்க. எண்ணூர் பக்கம் போறதா இருந்தா 30-க்கு மேல வேணாம்.